"ஒண்ணுமில்லம்மா" – மாணவர்கள் வாயில் இந்த வார்த்தை வராமல் இருக்க என்ன சொல்லித்தருவது?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வார்டில் மாணவர்களோடு நின்று பதினோரு வருடம் ஆகிறது. நோயாளியின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பெண்கள் வார்டில் முப்பத்துநாலு வயது அம்மா ஒருவர் அட்மிட் ஆனார். பீடி சுற்றுகிறவர். காலையில் எழுந்தபோது வலது கால் வரவில்லை. கொழுந்தனார் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார். சி.டி. நார்மல். இரண்டு நாள் கழித்து எம்.ஆர்.ஐ. கிடைத்தது, அதுவும் நார்மல். நான்காம் நாள் ரவுண்ட்ஸில் என்னோடு பன்னிரண்டு மாணவர்கள். கேஸ் பிரசன்ட் பண்ணியவன் நல்ல படிப்பாளி. ரிஃப்ளெக்ஸ், பிளான்டார், சென்சேஷன் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்து, "இம்ப்ரஷன் எச்.சி.ஆர்., மேம்" என்றான். ஹிஸ்டீரியா என்பதற்கு நம் வார்டுகளில் ஓடுகிற பழைய சுருக்கெழுத்து அது. பின்னால் நின்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டார். முந்தானையை இழுத்து அந்தக் காலை மூடிக்கொண்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரிப்போர்ட்டெல்லாம் நல்லா இருக்கும்மா. ஒண்ணுமில்ல. நாளைக்கு வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "ஒண்ணுமில்லன்னா நான் ஏன் டாக்டரம்மா நடக்க மாட்டேங்கேன்?"

பதில் சொல்லாமலே போய்விட்டேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பிப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன், இருபது நிமிடம். மாமியார் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோய் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்திருக்கிறார். குளிப்பாட்டினது, மலம் எடுத்தது, புரட்டிப் போட்டது எல்லாம் இவர்தான். மாமியார் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. வீட்டை விற்கவேண்டும் என்று நாத்தனார்கள் நிற்கிறார்கள். குழுக்கடன் கட்ட ராத்திரி பன்னிரண்டு வரை பீடித்தட்டு மடியில்.

இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிக் கணக்குப் போட்டு முடிச்சுப் போடுகிற வேலை எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் நாலு நாளில் அந்தக் காலை ஒரு பதினைந்து பேராவது தட்டிப் பார்த்திருப்போம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். குடும்ப வரலாறு என்ற இடத்தில், குறிப்பிடும்படி எதுவுமில்லை என்று எழுதியிருந்தது.

2019-இல் பாடத்திட்டம் மாறியதிலிருந்து 'ஏட்காம்' வகுப்புகள் (மனப்பாங்கு, நெறிமுறை, நோயாளியோடு பேசும் முறை) நடத்துகிறோம். மருத்துவராக இருப்பது என்றால் என்ன, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்று முதல் வருடமே தொடங்குகிற நல்ல தொகுதி. லெக்சர் ஹாலில் ரோல் பிளே நடக்கிறது, லாக் புக்கில் கையெழுத்து போடுகிறோம். மறுநாள் அதே பிள்ளைகள் வார்டுக்கு வந்து எங்களைப் பார்க்கிறார்கள். எங்களிடமிருந்துதான் "ஒண்ணுமில்ல"யைக் கற்றுக்கொள்கிறார்கள்.

எங்கள் ஓ.பி.யில் வருகிற பாதிப் பேச்சு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மேலெல்லாம் திகுதிகுன்னு எரியுது. நெஞ்சுக்குள்ள வாய்வு அடைக்கு. உள்காய்ச்சல், தெர்மாமீட்டர்ல தெரிய மாட்டேங்கு. கைகால் கொடையுது. மாணவர்கள் இதை எழுதும்போது 'வேக் கம்ப்ளெயின்ட்ஸ்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சொல்கிறவருக்கு அதில் தெளிவில்லாதது ஒன்றும் கிடையாது.

என் கேள்வி இதுதான். காலை ஓ.பி. நெரிசலிலும் ரவுண்ட்ஸிலும் கிடைக்கிற நேரத்தில், மூன்றாம் வருடம், இறுதி வருடப் பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கற்றுத்தருவது? "ஒண்ணுமில்ல"வுக்குப் பதில் என்ன சொல்லச் சொல்வது? இன்னொரு பயமும் உண்டு. மனசு மனசு என்று பேசப்போய் உண்மையான நோயைத் தவறவிட்டால்? இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

---

வைகைமனநலம் பதில்:

டாக்டர், நான் மனநலத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மதுரைப் பக்கம். மத்தியானம் திரும்பிப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தீங்க பாருங்க, பாடம் அங்கதான் நடந்திருக்கு. ஆனா மாணவர்கள் அதைப் பார்க்கலை. அவங்க பார்த்தது காலையில் நடந்ததை மட்டும்தான். அடுத்த தடவை ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேர் போதும், பன்னிரண்டு வேண்டாம்.

பாலின்ட் குழு கேள்விப்பட்டிருப்பீங்க. மைக்கேல் பாலின்ட் புடாபெஸ்ட்காரர், லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் இருந்தவர். 1950களில் குடும்ப மருத்துவர்களை வாரம் ஒரு தடவை உட்காரவெச்சு அவங்க நோயாளிகளைப் பத்திப் பேசவெச்சார். அந்தப் பேச்சிலிருந்து வந்த புத்தகம் 1957-இல் வெளிவந்தது. அதில் அவர் கேட்ட கேள்வி என்னைக் கடைசிவரை விடலை. டாக்டர்தான் அதிகமாகக் கொடுக்கப்படுற மருந்து. அந்த மருந்துக்கு டோஸ் என்ன, பக்கவிளைவு என்னன்னு ஏன் எங்கேயும் எழுதிவைக்கலை?

நான் ஆறு வருஷம் மாணவர்களை வெச்சு இதை நடத்தினேன். எட்டிலிருந்து பத்துப் பேர். வட்டமா நாற்காலி. கேஸ் ஷீட் கூடாது, ஞாபகத்திலிருந்துதான் சொல்லணும். மறந்துபோனதுக்கும் அர்த்தம் உண்டு. ஒருத்தர் தன் மனசில் தங்கிப்போன நோயாளியைப் பத்தி அஞ்சு நிமிஷம் சொல்வார். விவரம் கேட்கிறவங்க கேட்பாங்க. அப்புறம் சொன்னவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் போட்டுக்கிட்டு வாய் திறக்காம உட்காருவார். மத்தவங்க பேசுவாங்க: அந்த நோயாளிக்கு எப்படி இருந்திருக்கும், அந்த டாக்டருக்கு எப்படி இருந்திருக்கும். மருந்து யோசனை, அறிவுரை ரெண்டும் கிடையாது. கடைசியில் சொன்னவர் திரும்ப நாற்காலியை உள்ளே இழுத்துப்பார்.

ஒரு பையன் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. வாராவாரம் ஓ.பி.க்கு வந்து "சத்து ஊசி போடுங்க தம்பி"ன்னு நிக்கிற ஒரு பெரியவர். "சார், அவரைப் பார்த்தாலே எரிச்சல் வருது, ஏன்னு தெரியலை"ன்னான். நாற்காலியைப் பின்னால தள்ளினான். மத்தவங்க பேசினாங்க. ஒரு பொண்ணு, "எனக்கு அவர் மேல எரிச்சல் வரலை, பயமா இருக்கு. என்ன கொடுத்தாலும் பத்தாதுன்னு தோணுது"ன்னு சொன்னா. அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசலை. பையன் உள்ளே வந்ததும், "அவருக்கு நான் ஒண்ணும் செய்ய முடியலைங்கிறதுதான் எனக்கு எரிச்சல்"ன்னான். அடுத்த வாரம் அந்தப் பெரியவரிடம் ஊரைக் கேட்டான், தொழிலைக் கேட்டான். ஊசியும் போட்டான், அதை நான் தடுக்கலை. டாக்டருக்கு வர்ற எரிச்சல், தூக்கம், அவசரம் எல்லாமே நோயாளியைப் பத்தின தகவல்னு அந்தக் குழுவுக்கு நான் வகுப்பெடுத்துச் சொல்லவேண்டி வரலை.

ஒரு எச்சரிக்கை. முதல் ரெண்டு மாசம் நான் நடுவில் பூந்து விளக்கம் சொல்லிக்கிட்டே இருந்தேன். பிள்ளைகள் நோட்டு எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, குழு செத்துப்போச்சு. நடத்துறவர் வாயைக் கட்டணும்.

நேரம் இல்லைங்கிறதுக்கு ஒரு பயிற்சி. 1984-இல் அமெரிக்காவில் பெக்மேனும் ஃபிராங்கெலும் ஒலிநாடா வெச்சு அளந்தாங்க. நோயாளி பேச ஆரம்பிச்சு சராசரியா 18 விநாடியில் டாக்டர் குறுக்கே வந்துடுறார். சரி, குறுக்கே போகலைன்னா எவ்வளவு நேரம் பேசுவாங்க? சுவிட்சர்லாந்தில் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனை ஓ.பி.யில் 335 பேரை அளந்து 2002-இல் எழுதினாங்க. சராசரி 92 விநாடி. நாலில் மூணு பேருக்கு மேல ரெண்டு நிமிஷத்துக்குள்ள தானாவே நிறுத்திட்டாங்க. உங்க மாணவர் ஒருத்தர் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து மூலையில் உட்காரவைங்க. உங்களையே முதலில் அளக்கச் சொல்லுங்க.

---

ஹவுஸ்சர்ஜன்_இரவுப்பணி பதில்:

மேம், நான் இப்போ சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது படிப்பு முடிச்சுட்டு கட்டாயப் பயிற்சியில இருக்கிற ஹவுஸ்சர்ஜன். வேற கல்லூரி. எங்க பக்கத்திலிருந்து ஒண்ணு சொல்லணும்னு தோணுது.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், நானும் சிரிச்சிருக்கேன். மூளைக் கட்டியா, ஸ்ட்ரோக்கான்னு நாலு நாளா பயந்துட்டு, அதெல்லாம் இல்லைன்னு தெரிஞ்சதும் வர்ற சிரிப்பு அது. கட்டில்ல படுத்திருக்கிறவங்களுக்கு அப்படி இருக்காதுங்கிறது அப்போ தோணலை.

கேஷுவால்டியில ஒரு ராத்திரி கல்யாணம் ஆகி மூணு மாசம் ஆன பொண்ணைக் கொண்டுவந்தாங்க. கண்ணை மூடிட்டு, கைகால் விறைச்சு. சுகர், பி.பி. எல்லாம் சரி. ட்யூட்டியில இருந்த சீனியர் பஞ்சுல அம்மோனியா நனைச்சு என் கையில கொடுத்து "மூக்குல வை, எந்திரிச்சிரும்"னார். வெச்சேன். அவங்க எந்திரிக்கலை. கண்ணுல இருந்து தண்ணி மட்டும் காதுப் பக்கமா ஓடுச்சு. முழிச்சுதான் இருந்திருக்காங்க. நாங்க பேசினது பூரா கேட்டிருக்கும். நான் பஞ்சைக் கீழ போட்டுட்டு "அக்கா, இங்க பயப்பட ஒண்ணும் வேணாம், நான் பக்கத்துலதான் இருக்கேன்"னு சொன்னேன். அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தந்ததே இல்லை. காலையில அவங்க மாமியார் டிஸ்சார்ஜ் வாங்கிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொண்ணுகிட்ட தனியா ஒரு வார்த்தை கேட்கலை. வீட்டுல அடிக்கிறாங்களா, சாப்பிடுறாங்களா, எதுவும் தெரியாது.

எங்களுக்கு வேண்டியது தத்துவம் இல்லை மேம். ராத்திரி ரெண்டு மணிக்கு வாயில வர்ற மாதிரி நாலு வாக்கியம் வேணும். கூட வந்தவங்களை வெளிய அனுப்புறது எப்படி, என்ன கேட்கிறதுன்னு யாராவது ஒருத்தர் பக்கத்துல நின்னு செஞ்சு காட்டணும்.

---

நரம்பியல்_கோவை பதில்:

தம்பி கேட்ட வாக்கியங்களுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பொருநைக்கரை டாக்டரின் பயத்தைப் பற்றி.

அந்தப் பயம் நியாயமானது, ஆனால் பழைய கணக்கு. உலகம் முழுவதும் செய்த 27 ஆய்வுகளை எடின்பரோவில் ஜான் ஸ்டோன் குழு ஒன்றுசேர்த்து 2005-இல் எழுதியது. 1950களில் ஹிஸ்டீரியா என்று சொன்னவர்களில் 29 சதவீதம் பேருக்குப் பிற்பாடு வேறு நோய் என்று தெரியவந்தது. 1970களுக்குப் பிறகு அது 4 சதவீதம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 'ஸ்கேனில் ஒன்றுமில்லை, அதனால் மனசு' என்று இந்த நோயைச் சொல்லக்கூடாது. உடம்பிலேயே அடையாளம் தேடவேண்டும், அடையாளம் இருக்கிறது.

காலுக்கு ஹூவர் சைன். 1908-லேயே எழுதிவைத்தது. நோயாளியைப் படுக்கவைத்து, வராத காலின் குதிகாலுக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். "கட்டிலைப் பார்த்து அழுத்துங்க" என்றால் அழுத்தம் வராது. கையை எடுக்காமல், "இப்போ நல்ல காலை மேலே தூக்குங்க" என்று சொல்லி, மறுகையால் அந்த நல்ல காலைக் கீழ்நோக்கித் தடுங்கள். வராத காலின் குதிகால் உங்கள் கையில் இறங்கி அழுத்தும். நரம்பு அறுந்த காலில் அப்படி அழுத்தாது. வலி அதிகம் இருந்தாலோ, மூளையின் பரைட்டல் பகுதியில் பாதிப்பு இருந்தாலோ இந்தச் சோதனை ஏமாற்றும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

மாணவர்களை விட்டால் இதை நோயாளியைப் பிடிக்கிற பொறியாகப் பயன்படுத்துவார்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று முகம் மலரும். அதைத்தான் மாற்றவேண்டும். ஸ்டோன் செய்வது என்னவென்றால், அந்த அடையாளத்தை நோயாளிக்கே காட்டுகிறார். நானும் இப்போது அப்படித்தான். அவர் கையையே தொடைமேல் வைக்கச்சொல்லி, தசை இறுகுவதை அவரே உணரவைத்து, பிறகு பேசுகிறேன்:

"பார்த்தீங்களா, உங்களை அறியாம இந்தக் கால் வேலை செய்யுது. நரம்பு அறுந்துபோகலை. நீங்க நினைச்சு அசைக்கணும்னா மட்டும் மூளைக்கும் காலுக்கும் நடுவுல சேதி போக மாட்டேங்குது. நீங்க வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும். இது நிறையப் பேருக்கு வர்ற நோய், இதுக்குப் பேர் இருக்கு. சரியாகுறதுக்கு வழி இருக்கு, பழக்கணும்."

நாலு வாக்கியம் கேட்டீர்கள் தம்பி, ஒன்றிரண்டு கூடிவிட்டது. ராத்திரி ஃபிட்ஸ் மாதிரி வந்தவர்களுக்கும் இதே அமைப்புதான். அம்மோனியா எந்த நோயையும் கண்டுபிடித்துத் தராது. கூட வந்தவர்களை "அட்மிஷன் சீட்டுப் போட்டுட்டு வாங்க" என்று அனுப்பினால் ஐந்து நிமிடம் கிடைக்கும். ஸ்டாஃப் நர்ஸ் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "வீட்டுல உங்களுக்குப் பயமா இருக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டது அவருக்குத் தெரியும். பிசியோதெரபிக்கு அனுப்பும்போது சீட்டில் வெறுமனே காலுக்குப் பயிற்சி என்று எழுதாமல், தெரபிஸ்டிடம் நேரில் பேசிவிடுங்கள். காலையே பார்த்துக்கொண்டு நடந்தால் வராத நடை, பின்பக்கமாக நடக்கச் சொன்னால் சிலருக்கு வருகிறது.

---

ரைன்கரைத்_தமிழ் பதில்:

நான் ஜேர்மனியில் குடும்ப வைத்தியராக வேலை செய்கிறேன். பத்து வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவள், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

இங்கு 1970இல் வந்த மருத்துவக் கல்விச் சட்டத்திலேயே உளஉடலியல் (மனதும் உடம்பும் சேர்ந்த வருத்தங்களைப் பற்றின படிப்பு, சைக்கோசொமாட்டிக்ஸ்) கட்டாய பாடம் ஆகிவிட்டது. தூரே ஃபொன் உக்ஸ்கியூல் போன்றவர்கள் அதற்காக நிறையப் போராடினவை. 1992இல் அதற்கென்று தனி நிபுணத்துவப் பிரிவே வந்தது. குடும்ப வைத்தியராக வருகிற எல்லோரும் 80 மணித்தியாலம் இதில் பயிற்சி எடுக்க வேணும்: 20 கோட்பாடு, 30 நோயாளியோடு கதைக்கிற பயிற்சி, 30 பாலின்ட் குழு. எனக்கு அந்தக் கடைசி முப்பதுதான் பிரயோசனப்பட்டது.

ஆனால் உங்களுக்குச் சொல்ல விரும்பினது வேறு. 1969இல் ஊல்ம் நகரத்தில் தொடங்கின 'அனாம்னேசக் குழு', அதாவது நோயாளியின் கதை கேட்டுப் பழகுகிற குழு, என்று ஒன்று இருக்கு. அதை நடத்துகிறது பேராசிரியர் இல்லை, மூத்த மாணவர்கள். கிழமைக்கு ஒருக்கால் ஒரு மாணவர் முன்பின் தெரியாத ஒரு நோயாளியோடு குழுவுக்கு முன்னால் இருந்து கதைப்பார். ஃபைல் பார்க்கிறதில்லை. நோயாளி போன பிறகு குழு கதைக்கும். கதைத்தவர் எங்கே அவசரப்பட்டார், எந்த இடத்தில் நோயாளி கண்ணைத் தாழ்த்தினார் என்று. நான் படிக்கேக்க ரெண்டு செமஸ்டர் போனேன். பேராசிரியர் இல்லாததால் "எனக்குப் பயமா இருந்தது" என்று சொல்ல ஏலுமாக இருந்தது. உங்கட கல்லூரியிலும் இதற்குக் காசு தேவையில்லை, ஒரு அறை போதும்.

எங்கட ஆட்கள் என்னட்டை வந்து சொல்லுற வருத்தம் "உடம்பு முழுக்க உளையுது டொக்டர்". ஒரு அம்மா ஏழெட்டு வைத்தியரிட்டை எக்ஸ்ரே எடுத்து, எல்லாம் சரி என்று கடிதம் கொண்டுவந்தவ. எப்ப தொடங்கினது என்று கேட்டன். "மூத்தவனைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டையிலயிருந்து" என்றா. முப்பது வருசத்துக்கு மேலே. என்னோடு பயிற்சிக்கு இருந்த ஜேர்மன் மாணவி அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். நான் விளங்கப்படுத்த வெளிக்கிட்டுத்தான் யோசித்தன்: உடம்புக்கு உளைவு, மனதுக்கு உளைச்சல், எங்களுக்கு ரெண்டும் ஒரே வேர். அந்த அம்மா தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறா. அவவின்ரை உளைவு முற்றாகப் போகேல்லை. ஆனால் மாதம் ஒருக்கால் வந்து கதைச்சிட்டுப் போறா, புது எக்ஸ்ரே எடுக்கிறேல்லை.

பொருநைக்கரை டொக்டர், உங்கட மாணவர்களை நோயாளி சொன்ன சொல்லை அப்படியே தமிழில் எழுதச் சொல்லுங்கோ. மொழிபெயர்த்தால் பாதி போயிடும்.

---

பொருநைக்கரை பதில்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அந்த அம்மா நேற்று ரிவ்யூவுக்கு வந்தார், வாக்கரோடு. இரண்டு மாணவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். கேஸ் பிரசன்ட் பண்ணியவனைத்தான் குதிகாலுக்கு அடியில் கை வைக்கச் சொன்னேன். நல்ல காலை அவர் தூக்கியபோது அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. "அம்மா, உங்க கால் என் கையை அழுத்துது, நீங்களே தொட்டுப் பாருங்க" என்றான். அவர் தொடையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்போ இது செத்துப் போகலையாய்யா?" என்று அவனிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. அவன் கோவை டாக்டர் எழுதிய வாக்கியங்களைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான். இடையில் நான் பேசவில்லை.

அன்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டாக்டரம்மா, மத்தியானம் வந்தியள்ளா" என்றார்.

ஸ்டாப்வாட்சும் வைத்துப் பார்த்தோம். என் ஓ.பி.யில் பத்துப் பேரிடம் நான் குறுக்கே போனது சராசரி 14 விநாடியில். அதை மாணவி எழுதிய தாளை டேபிள் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டெமோ ரூம் கிடைத்திருக்கிறது. ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், சிரித்த இருவரில் ஒருவனும் உண்டு. வைகைமனநலம் சார், ஒரு சந்தேகம்: முதல் நாள் யாரும் பேச முன்வராவிட்டால் நான் என் நோயாளியைச் சொல்லலாமா, அல்லது அந்த மௌனத்தோடேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா?